பயம் வரும் வழி

விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. அங்கே சாமியிடம் எழுத்து மூலமாகவே முறையிடலாம். கடன் வாங்கிவிட்டு இல்லையென்று சாதிப்பவன், நிலத்தை வளைத்துப் போட்டவன், நகையைத் திருடியவன் என யார்மேல் குறையோ அவர்மேல் காகிதத்தில் எழுதி, பூசை செய்து, முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டுப் போவார்கள். பிராது கட்டுவது என்று அதற்குப் பெயர். 90 நாளுக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. இரு தரப்பும் சமாதானமாகிவிட்டால் மறக்காமல் வந்து வாபஸ் வாங்க வேண்டும்.

இதில் ரத்தம் எங்கும் இல்லை. ஒரு காகிதம், ஒரு கெடு, அவ்வளவுதான். ஆனால் தன்மேல் பிராது கட்டியாயிற்று என்று காதில் விழுந்த ஆளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மாடு தீனி எடுக்காவிட்டால் அதனாலா, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அதனாலா என்று ஒவ்வொரு நாளும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பேய்ப்படம் எடுப்பவர்கள் கோடி கோடியாகக் கொட்டி வாங்கப் பார்க்கும் சரக்கு இதுதான்.

ரத்தத்துக்கும் இந்த வட்டாரத்தில் குறைவில்லை. மகா சிவராத்திரியை அடுத்த அமாவாசையில் அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை நடக்கும். சுடுகாட்டுக்கு ஊர்வலமாகப் போகும்போது அருள் வந்தவர்கள் உயிர்க்கோழியைக் கடித்து வாயெல்லாம் ரத்தமாக ஆடுவார்கள். திரௌபதியம்மன் திருவிழாவின் படுகளத்தன்று களிமண்ணால் செய்த துரியோதனன் திடலை அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடப்பான். பீமன் வேடக்காரர் தொடையில் அடிப்பார். அங்கிருந்து எடுத்த செந்நீரைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிப்பாள். கூட்டம் ‘கோவிந்தா’ என்று முழங்கும். இடுப்பில் குழந்தையோடு நிற்கும் பெண்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

திகில் படத்தில் பயமுறுத்துவது காத்திருக்க வைப்பதா, குத்திக் கிழித்துக் காட்டுவதா என்ற விவாதம் உலகமெங்கும் பழையது. மேல்நாட்டு வாதங்களை அப்படியே எடுத்துவந்து தமிழ்ப் படங்கள்மேல் பொருத்தினால் கணக்கு உதைக்கிறது. காரணம் மேலே சொன்னதுதான். நம் பார்வையாளர் ரத்தத்துக்குப் பழகியவர். அதைச் சாமியாகவோ வேடிக்கையாகவோ வாங்கிக்கொள்ள அவருக்குத் தெரியும். பயம் அவருக்கு வேறு வாசல் வழியாக வருகிறது என்பது என் கட்சி. அந்தக் கட்சிக்கு எதிரான சாட்சிகளும் உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது அச்சத்தையும் இளிவரலையும் தனித்தனியாக வைக்கிறார். அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு. இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. நாட்டிய சாத்திரமும் பயானகத்தையும் பீபத்சத்தையும் இரண்டு சுவைகளாகவே பிரிக்கிறது. அச்சத்தின் பட்டியலைக் கவனித்தால் நான்குமே நம்மைவிட வலியவை. எப்போது வந்து என்ன செய்யும் என்று தெரியாதவை. பிணமும் புண்ணும் அதில் இல்லை.

கலிங்கத்துப்பரணி இன்னும் தெளிவான சாட்சி. முதற்குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பாடும் செயங்கொண்டார், போர்க்களத்தில் பேய்களை விட்டுக் கூழ் காய்ச்ச வைக்கிறார். பற்களை அரிசியாகக் குற்றுவதென்ன, குருதியை உலைநீராக ஏற்றுவதென்ன! தமிழில் இதைவிடக் கோரமான சமையல் குறிப்பு கிடையாது. படித்துவிட்டு யாரும் பயப்படுவதில்லை, சிரிக்கிறோம். நேர்மாறாக, மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில் தனியாக அகப்பட்டுக்கொள்ளும் சார்ங்கலன் என்ற சிறுவன், பிணத்தலையை ஏந்தி ஆடும் பேயைப் பார்த்த அதிர்ச்சியில் தாயிடம் ஓடிவந்து உயிர்விடுகிறான். அங்கே கோரம் கொன்றது உண்மைதான். ஆனால் பேய் வருவதற்கு முன் சுடுகாட்டையே நமக்கு விரிவாகச் சுற்றிக் காட்டிவிடுகிறார் சாத்தனார். எரிகிற பிணமும் கூகையின் குரலும் நரியின் ஊளையும் மனத்தில் ஏறிய பிறகுதான் ஆட்டம்.

உடம்பும் இந்தப் பிரிவினையை ஒப்புக்கொள்கிறது. பயந்தால் இதயம் வேகமாக அடிக்கும், தசை இறுகும், ஓட உடம்பு தயாராகும். ரத்தத்தையும் புண்ணையும் கண்டால் சிலருக்கு இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்றே ஏறி உடனே சரிந்து மயக்கம் வந்துவிடும். ஊசி போடும் அறையில் பெரிய மீசைக்காரர்கள் சாய்வது இதனால்தான். அது கோழைத்தனம் இல்லை, பயத்தின் வேலையும் இல்லை. வேறொரு பொறி இயங்குகிறது. ‘அந்தப் படத்தைப் பார்த்துத் தியேட்டரிலேயே மயங்கி விழுந்தார்கள்’ என்று விளம்பரம் செய்பவர்கள் பயத்துக்குச் சான்று காட்டுவதாக நினைத்துக் குமட்டலுக்குச் சான்று காட்டுகிறார்கள். 1973-இல் வந்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் பலரைக் கலங்கடித்ததாகச் சொல்லப்படுவது, சிறுமியின் கழுத்தில் ஊசி குத்தி எடுக்கும் மருத்துவமனைச் சோதனை. பேயே இல்லாத காட்சி அது.

காத்திருப்பின் வலியையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரிகரி பெர்ன்ஸ் குழு 2006-இல் வெளியிட்ட சோதனையில், பங்கேற்றவர்களுக்குப் பாதத்தில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். கொஞ்சம் காத்திருந்தால் லேசான அதிர்ச்சி, உடனே வேண்டுமென்றால் பலமான அதிர்ச்சி என்று தேர்வு வைத்தபோது, ஒரு பகுதியினர் பலமானதையே உடனே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். காத்திருப்பது அடியைவிட மோசம் என்று அவர்கள் உடம்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவர் திடீர்ச் சத்தத்துக்குக் கூடுதலாகத் துள்ளுவார் என்பதும் ஆய்வகத்தில் பல முறை உறுதியான விஷயம். பேய்ப்படத்தின் இலக்கணமே இந்த இரண்டில் அடங்கிவிடும்.

ஹிட்ச்காக் இதை வெடிகுண்டை வைத்து விளக்குவார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் திடீரென வெடித்தால் சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்கு மட்டும் தெரிந்து, மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால் நிமிடக்கணக்கில் தவிப்பு. இதே சூத்திரத்தில் தமிழில் ஒரு முழுப்படம் வந்திருக்கிறது. வீணை எஸ். பாலசந்தர் 1964-இல் எடுத்த ‘பொம்மை’. கூட்டாளியைக் கொல்ல ஒரு பொம்மைக்குள் குண்டு வைக்கிறார்கள். அது போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ரத்தமே காட்டாமல் கடைசி வரை நகத்தைக் கடிக்க வைத்த படம். பத்தாண்டுக்கு முன்பே ‘அந்த நாள்’ (1954) எடுத்து, பாட்டே இல்லாமலும் தமிழ்ப் படம் ஓடும் என்று காட்டத் துணிந்தவர் அவர். பாட்டு வந்தால் பதற்றம் வடிந்துவிடும் என்று ஒரு சங்கீத வித்துவானுக்குத் தெரிந்திருந்தது. ‘பொம்மை’யில் பாட்டு உண்டு. ஏசுதாஸ் தமிழில் பாடிய தொடக்க காலப் பாட்டுகளில் ஒன்று அதில்தான். அதனால் அங்கே கொஞ்சம் வடியத்தான் செய்கிறது.

எழுபதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கம் வரை கலவையான காலம். ‘ஆயிரம் ஜென்மங்கள்’ (1978), ‘யார்’ (1985), ‘13-ம் நம்பர் வீடு’ (1990), ‘உருவம்’ (1991) எனப் பேய்கள் வரிசையாக வந்தன. ஒப்பனையும் உறுமலும் புகையும்தான் முதலீடு. இந்தியில் ராம்சே சகோதரர்கள் ‘புரானா மந்திர்’ (1984) போன்ற படங்களில் ரப்பர் முகங்களை வைத்துப் பெரிய வியாபாரமே நடத்தினார்கள். இன்று இவற்றைப் பார்க்கும் கல்லூரிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கோரத்துக்கு ஆயுள் குறைவு. ஒப்பனைத் தொழில்நுட்பம் ஒரு படி ஏறியதும் முந்தைய படி கேலிக்கூத்தாகிவிடும். அதே காலத்தில் பாலுமகேந்திரா எடுத்த ‘மூடுபனி’ (1980) இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

தொலைக்காட்சி கற்றுக்கொடுத்ததைச் சினிமாவே கற்றுக்கொடுக்கவில்லை என்பேன். தொண்ணூறுகளில் சன் டிவியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வந்தது. வீட்டுக் கூடத்தில் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கும் தொடரில் வெட்டுக்குத்தைக் காட்ட வழியில்லை, பணமும் இல்லை. இருந்ததெல்லாம் சத்தமும் வாரக்கணக்கான இடைவெளியும். ‘விடாது கருப்பு’ பகுதியில் குதிரைக் குளம்பொலி கேட்டதும் தலையணையில் முகம் புதைத்த பிள்ளைகள் இப்போது நாற்பதைத் தொட்டிருப்பார்கள். அவர்களிடம் யார் செத்தார் என்று கேட்டால் நினைவிருக்காது, குளம்பொலி நினைவிருக்கும். ஒரு வாரம் காத்திருக்க வைத்ததில் பாதி வேலையைப் பார்வையாளரின் கற்பனையே செய்துவிட்டது.

2009-இலிருந்து 2015 வரை தமிழ்த் திகிலின் நல்ல காலம். விக்ரம் கே. குமாரின் ‘யாவரும் நலம்’ (2009) புது அடுக்குமாடி வீட்டில் நடக்கிறது. பூசையறைச் சுவரில் ஆணி இறங்க மறுக்கிறது. பால் தினமும் திரிகிறது. மின்தூக்கி எல்லாருக்கும் வேலை செய்கிறது, கதாநாயகனுக்கு மட்டும் நகராது. மதியம் ஒரு மணிக்கு வரும் டிவி தொடரில் தங்கள் வீட்டுக் கதையே ஓடுகிறது. பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவில் பகல் வெளிச்சமே சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. கடைசியில் சுத்தியல் வரும்போது ரத்தமும் வருகிறது. ஆனால் நமக்குள் அதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அதே ஆண்டில் அறிவழகனின் ‘ஈரம்’ தண்ணீரைப் பேயாக்கியது. ஒழுகும் குழாயும் நனைந்த தரையும் போதுமானதாக இருந்தன.

என் கட்சிக்கு முதல் சாட்சி ‘பீட்சா’ (2012). பங்களாவுக்குள் கையில் டார்ச் விளக்கோடு அகப்பட்டுக்கொள்ளும் விஜய் சேதுபதியோடு நாமும் நடுங்குகிறோம். பிறகு தெரிகிறது, அந்தப் பேய்க்கதை முழுக்க அவன் புளுகியது. அதாவது கார்த்திக் சுப்பராஜ் கதைக்குள்ளேயே இல்லாத ஒன்றைக் காட்டி நம்மைப் பயமுறுத்தியிருக்கிறார். பயத்துக்குப் பொருளே வேண்டாம், இருட்டும் நேரமும் இருந்தால் போதும் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. ‘டிமான்ட்டி காலனி’ (2015) நால்வரை ஒரே அறையில் அடைத்தது. ‘மாயா’ (2015) ஒரு பகுதியைக் கறுப்பு வெள்ளையில் வைத்தது.

இயக்குநர்களின் ரசனை மட்டும் இதற்குக் காரணமில்லை, காசும் உண்டு. 2011-இலிருந்து 2017 வரை தமிழக அரசின் கேளிக்கை வரிவிலக்குப் பெற யு சான்றிதழ் கட்டாயமாக இருந்தது. யு கிடைக்காவிட்டாலும் ஏ வாங்கிவிடக் கூடாது. ஏ வாங்கினால் தொலைக்காட்சி உரிமை போயிற்று. தணிக்கை வழிகாட்டு நெறிகளோ தேவையற்ற வன்முறை, கொடூரம், திகில் காட்சிகளைத் தவிர்க்கச் சொல்கின்றன. ஆக, தயாரிப்பாளர் கத்தரியை முன்கூட்டியே எடுத்துக்கொண்டார். சிலர் அந்தக் கட்டுப்பாட்டால் நுட்பமானார்கள். பெரும்பாலோர் சிரிப்புக்குத் தாவினார்கள். ‘முனி’ (2007) போட்ட பாதையில் ‘காஞ்சனா’ (2011), ‘அரண்மனை’ (2014) வகையறாக்கள் வந்து குவிந்தன. அவற்றை மட்டமாகப் பேச எனக்கு மனமில்லை. ‘காஞ்சனா’வின் பின்பாதியில் பேய் பழிவாங்கும்போது அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது, படுகளத்துக் ‘கோவிந்தா’வின் வாரிசு அது. கேட்டால் திகில் படம் என்பார்கள், நடப்பது சாமியாட்டம். இடைவேளை என்ற நம் வழக்கமும் இங்கே கணக்கில் சேரும். முறுக்கும் காபியும் வாங்கப் போகும் கூட்டத்தை ஒரு கேள்வியோடு அனுப்ப வேண்டும். முதல் பாதியிலேயே குடலை உருவிக் காட்டிவிட்டால் இரண்டாம் பாதிக்கு மிச்சமிருப்பது இன்னொரு குடல்தான்.

இப்போது காலம் மாறிவிட்டது. ‘ஜெயிலர்’ (2023) யு/ஏ சான்றிதழோடு வந்த படம். அதில் தலை சீவப்படுகிறது, விசில் பறக்கிறது. நாயகப் படங்கள் ரத்தத்தை இவ்வளவு தாராளமாக இறைத்த பிறகு திகில் படக்காரர் ஒரு சொட்டைக் காட்டி யாரைப் பயமுறுத்துவார்? மிஷ்கினின் ‘சைக்கோ’ (2020) தலையற்ற உடல்களை வரிசையாகக் கிடத்தியது. அதில் என்னைப் பாதித்தது கொலைகாரனுடைய சாவகாசம். அவன் அவசரப்படாத ஒவ்வொரு நொடியும் கனத்தது. வெட்டு விழுந்ததும் பாரம் இறங்கிவிட்டது. அமெரிக்காவிலும் இதுதான் நிலவரம். ஹெர்ஷல் கார்டன் லூயிஸ் 1963-இல் ‘பிளட் ஃபீஸ்ட்’ எடுத்துத் தொடங்கிவைத்த மரபு, தணிக்கைத் தரமே வாங்காமல் வந்து வார வசூலில் முதலிடம் பிடித்த ‘டெரிஃபையர் 3’ (2024) வரை வளர்ந்திருக்கிறது. அந்த ரசிகர்கள் பயப்படப் போவதில்லை, ஒப்பனைக் கலைஞரின் கைவேலைக்குக் கைதட்டப் போகிறார்கள். செயங்கொண்டார் அவர்களைப் புரிந்துகொண்டிருப்பார்.

எதிர்க்கட்சியின் வாதம் பலவீனமானது அன்று. ‘ஏலியன்’ (1979) படத்தில் சாப்பாட்டு மேசையில் ஒருவர் மார்பைப் பிளந்துகொண்டு ஜந்து வெளிவரும் காட்சியை எடுத்துவிட்டால் மீதிப் படத்துக்குப் பல் இல்லை. அது என்ன செய்யும் என்று ஒரு முறை கண்ணால் பார்த்ததால்தான் பிறகு ஒவ்வொரு மூலையும் பயமாகிறது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) குளியலறைக் கொலை முக்கால் நிமிடத்துக்குள் முடிகிற காட்சி. கறுப்பு வெள்ளையில் ரத்தமாக ஓடியது சாக்லேட் பாகு. அந்தக் கொலைக்குப் பிறகு படம் முழுவதும் ஒவ்வொரு கதவும் நம்மை மிரட்டுகிறது. ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ (1975) இயந்திரச் சுறா அடிக்கடி மக்கர் செய்ததால் அதைக் காட்டாமல் ஓட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் முதல் காட்சியிலேயே ஒரு பெண் போய்விட்டாள் என்பதை மறந்துவிடுகிறோம். வட்டிக்கடைக்காரர் ஒரு முறையாவது நகையை ஏலம் விட்டால்தான் அடுத்த தவணைக்குப் பயம் இருக்கும். கோரத்துக்கு என் கணக்கில் அந்த அளவு இடம் உண்டு: ஒரு முறை, சீக்கிரம், குறைவாக. ஏலமே தொழிலாகிவிட்டால் கடைக்கு யாரும் வரமாட்டார்கள்.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்குள் நின்று யோசித்தால் இந்த விவாதத்துக்கு இன்னொரு கோணம் கிடைக்கிறது. அகல் விளக்கும் கொலுப் பொம்மையும் இந்த ஊர்ச் சரக்கு. பக்கத்து நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே இருக்கும் வெள்ளைக் களிமண் இந்தத் தொழிலுக்கு வாகானது. பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச உள்சுவரில் தோல் கட்டும். வேண்டிய கனம் ஏறியதும் நடுவில் மிச்சமிருக்கும் குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் பொம்மை வரும், உள்ளே வெறும் கூடு. இரண்டு பாதி அச்சும் சேர்ந்த இடத்தில் காதோரமாகக் கழுத்துவரை ஒரு விளிம்பு தழும்புபோல ஓடும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். சூளையிலிருந்து வந்து, வண்ணம் பார்க்காமல், கண் எழுதாமல் பலகையில் வரிசையாக நிற்கும் பொம்மைகள் முன்னால் தனியாக நின்றால், பகலிலும் ஒரு மாதிரி இருக்கும். யாரையும் யாரும் எதுவும் செய்யவில்லை. ரத்தமில்லை, காத்திருப்பும் இல்லை. இருந்தும் பின்கழுத்து கூசுகிறது.

உயிருள்ளதா இல்லாததா என்று முடிவுசெய்ய முடியாத பொருள்தான் மனிதனை அதிகம் சங்கடப்படுத்துகிறது என்று ஜெர்மன் மருத்துவர் எர்ன்ஸ்ட் யென்ட்ஷ் 1906-இலேயே எழுதினார். மனிதச் சாயலை நெருங்க நெருங்கப் பிடித்துப்போகும் பொம்மை, மிக நெருங்கியதும் சட்டென்று அருவருப்பாகிவிடுகிறது என்று ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970-இல் வரைபடமே போட்டார். ராம்குமாரின் ‘ராட்சசன்’ (2018) இந்த நரம்பைத் தொட்டது. பெண் காணாமல் போன வீட்டுக்குப் பரிசுப் பெட்டி வருகிறது. உள்ளே சிதைத்த பொம்மைத் தலை. சிறுமிகளுக்கு நடந்ததைப் படம் பெரும்பாலும் நேரடியாகக் காட்டுவதில்லை, பொம்மை சொல்லிவிடுகிறது. கோரத்தையும் காத்திருப்பையும் ஒரே பெட்டியில் கட்டித்தந்த காட்சி அது. அந்தப் படம் பார்த்த பிறகு வண்ணத்தாள் சுற்றிய பெட்டியைப் பிரிக்கக் கூசியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு தொடர்வது எது என்று கேட்டுக்கொண்டால் என் பட்டியலில் ரத்தக்காட்சி ஒன்றுகூடத் தேறவில்லை. குழாய்த் தண்ணீர், மதியத் தொடர், பரிசுப் பெட்டி, குளம்பொலி. எல்லாமே வீட்டிலும் தெருவிலும் கிடப்பவை. காத்திருப்பு அரங்கத்துக்குள் பயமுறுத்துகிறது. அந்தக் காத்திருப்பு எந்தப் பொருளின்மேல் ஏறி உட்கார்ந்ததோ அந்தப் பொருள் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. வெட்டுப்பட்ட கை நம் வீட்டில் இல்லாததால் அது தியேட்டரிலேயே தங்கிவிடுகிறது.

விருத்தாசலத்தில் வசிக்கும் இமையம் எழுதி, 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘செல்லாத பணம்’ நாவலைத் திகில் என்று யாரும் வகைப்படுத்துவதில்லை. வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகள் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். தீக்காயப் பிரிவு எப்படி இருக்கும் என்பதை இமையம் மறைக்கவில்லை. ஆனால் நாவலின் பெரும்பகுதி வெளியே காத்திருப்பவர்களின் பேச்சு. பழி, சாபம், பணக்கணக்கு, அழுகை, பிறகு மறுபடி பழி. பிழைப்பாளா என்பதைவிட, அந்தப் பேச்சு அடுத்து யார்மேல் திரும்பும் என்பதுதான் பக்கத்தைத் திருப்பவே பயப்பட வைக்கிறது. பேய்ப்படம் எழுத வரும் இளைஞர்கள் எந்த வெளிநாட்டுப் படத்தைப் பார்க்கலாம் என்று கேட்டால் நான் இந்த நாவலைத்தான் முதலில் கையில் கொடுக்கிறேன். பேய் எங்கே என்று கேட்டுத் திருப்பித் தந்தவர்களும் உண்டு.